கதவில் போட ஒரு வட்டம்

புளியந்துறைக் கடற்றொழிலாளர் சங்கம் அரசாங்கத்திடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு ஐஸ் அறை. அரசாங்கம் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. அரசாங்கம் எந்தக் காலத்தில் அப்படி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது? சந்தோசமாகத் தருகிறோம், உங்கள் சங்கத்துக்கு லோகோ இருக்கிறதா என்று மட்டும் கேட்டது.

ஐஸ் அறை என்னத்துக்கு என்று முதலில் சொல்லிவிட வேண்டும். புளியந்துறையில் மீன் பிடிக்கிறது ஊர்ச்சனம். விலை சொல்லுகிறது லொறிக்காரன். லொறி எத்தனை மணிக்கு வரும் என்று மேலே இருக்கிற அந்தோனியாருக்கும் தெரியாது. அது வருமட்டும் மீன் வெயிலில் கிடக்கும். கண் மெல்ல மெல்ல மங்கும். லொறிக்காரன் ஆறுதலாக இறங்கி வந்து மீனின் கண்ணை ஒருக்கால் பார்ப்பான், வயிற்றை ஒரு விரலால் அமத்துவான், பிறகு ஒரு பெருமூச்சு விடுவான். அந்தப் பெருமூச்சோடு விலை பாதியாய் இறங்கிப்போகும்.

போன வருசம் சங்கத் தலைவர் யாகோப்பருக்கு வலை கிழியச் சீலா மீன் பட்டது. ஊர் முழுக்கப் பொறாமையில் வெந்தது. அன்றைக்கென்று பார்த்து லொறி பின்னேரம்தான் வந்தது. அவ்வளவு சீலாவும் கருவாடாய்ப் போனது. "நீங்கள் தலைவராய் இருந்து என்ன பிரயோசனம்? ஒரு ஐஸ் கட்டிக்கு வக்கில்லை" என்று அவர் மனைவி சின்னத்தங்கம் ஒரே ஒரு தரம்தான் சொன்னா. பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கருவாட்டை ஒவ்வொரு நாளும் அவருக்குச் சோற்றோடு வைத்தா. அவ்வளவுதான்.

அந்தக் கருவாடு தொண்டையில் நின்றபடிதான் யாகோப்பர் அரசாங்கக் கந்தோர்ப் படி ஏறத் தொடங்கினார். ஏறி ஏறி, கடைசியில் ஒரு கடிதம் வந்தது.

"மேற்படி விடயம் தொடர்பாக, தங்கள் சங்கத்தின் தனித்துவ அடையாளத்தினை வெளிப்படுத்தும் இலச்சினையொன்று இன்றியமையாதது என்பதையும், அங்கத்தவர்களின் கருத்துகளைப் பெற்று அதனை இவ்வருட இறுதிக்கு முன்னர் அங்கீகரித்துக்கொள்ளாதவிடத்து ஒதுக்கப்பட்ட நிதி திறைசேரிக்குத் திரும்பிச் செல்லும் என்பதையும் இத்தால் அறியத்தருகின்றேன்."

"காசு வாற வழி ஒண்டும் விளங்கேல்லை. திரும்பிப் போற வழி மட்டும் நல்ல வடிவாய் விளங்குது" என்று யாகோப்பர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பவும் கந்தோருக்குப் போனார்.

உதவிப் பணிப்பாளர் கனகசபாபதி தங்கமான மனிசன். ஒருவரையும் ஏசியது இல்லை. ஒருவருடைய வேலையையும் முடித்ததும் இல்லை.

"சேர், ஐஸுக்கு என்னத்துக்கு லோகோ?"

"நல்ல கேள்வி. ஐஸ் அறை கட்டினால் கதவு ஒண்டு வைப்பீங்கள்தானே?"

"ஓம் சேர்."

"அந்தக் கதவிலை என்ன போடுவீங்கள்?"

"பூட்டு."

கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு துக்க வீட்டில் கதைக்கிற குரலில் சொன்னார்: "உதுதான் தலைவர், எங்கடை சமூகத்தின்ரை பின்னடைவு. பூட்டுப் போடத் தெரியும். அடையாளம் போடத் தெரியாது. பயப்படாதேங்கோ. முதலிலை உங்களுக்கு ஒரு விழிப்புணர்வுச் செயலமர்வு வைச்சுத் தாறம்."

செயலமர்வு சங்கக் கட்டடத்தில் நடந்தது. நடத்த வந்தவர் கிருஷாந் என்ற ஆலோசகர். மெல்பேர்னில் படித்துவிட்டு வந்தவராம். கைத்தறிச் சேட்டு, உச்சந்தலையில் ஒரு சின்னக் குடுமி, மேசு போடாமல் வெறுங்காலில் மாட்டிய சப்பாத்து. சப்பாத்துக்குள் மண் போய், இரண்டு சொல்லுக்கு ஒருக்கால் காலை உதறி உதறிக் கதைத்தார். அதுவும் ஒரு நாகரிகம் என்றுதான் முதலில் சனம் நினைத்தது.

"நீங்கள் மீனை விக்கக் கூடாது. மீனின்ரை கதையை விக்கவேணும்."

சின்னத்தங்கத்தின் தம்பி சிமியோன் கடைசி வாங்கில் இருந்து கை தூக்கினான். "தம்பி, கதை கிலோ என்ன விலைக்குப் போகுது?"

கிருஷாந் சிரித்தார். கோபிக்கக் கூடாது என்று மெல்பேர்னில் படிப்பித்திருப்பார்கள். "எல்லாரும் கண்ணை மூடுங்கோ. நல்லாய் மூச்சை இழுங்கோ. உங்கடை சங்கம் ஒரு மிருகம் எண்டால் அது என்ன மிருகம்? அவசரப்படாதேங்கோ. உள்ளுக்குள்ளை போய்த் தேடுங்கோ."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். இரவெல்லாம் கடலில் நின்ற ஆட்கள். கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்க ஒரே குறட்டை. 'பங்குபற்றுனர்கள் ஆழ்ந்த உள்முகத் தேடலில் ஈடுபட்டனர்' என்று கிருஷாந் அறிக்கையில் எழுதினார். பிறகு எல்லாருக்கும் ரோல்ஸும் நெக்டோச் சோடாவும் கொடுத்தார்கள். அதற்கு மட்டும் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை.

லோகோ கீற ஆள் வேணும். யாகோப்பர் தங்கச்சியின் மகள் றஜனியிடம் போனார். றஜனி சந்தியில் கொம்பியூட்டர்க் கடை வைத்திருக்கிறாள். சாமத்தியவீடு, முதல்நன்மை, கலியாணம் எல்லாத்துக்கும் அழைப்பிதழ் அடிப்பாள் என்றாலும் அவளுடைய முக்கிய தொழில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்தான். ஊரில் எந்த மதிலைப் பார்த்தாலும் அவள் கைவேலை கண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கும்.

பிள்ளை ஆசைப்பட்டுக் கீறினாள். நீலக்கடல். அதில் ஒரு படகு. படகில் நின்று ஒரு ஆள் வலை இழுக்கிறார். பக்கத்தில் ஒரு மீன் துள்ளுது. பின்னால் சூரியன். இவ்வளவையும் சுற்றி ஒரு வட்டம், வட்டத்தில் மூன்று பாஷையிலும் சங்கத்தின் பெயர். யாகோப்பர் கையில் வாங்கிப் பார்த்தார். கண் கலங்கிப்போனது.

"பிள்ளை, உது காணும். இதுக்கு மேலை ஒண்டும் வேண்டாம்."

அந்த இடத்தில் நிற்பாட்டியிருந்தால் இந்தக் கதையும் இல்லை, புளியந்துறையில் மீனும் பழுதாகாது. ஆனால் கருத்துப் பெறவேண்டும் என்று கடிதம் சொல்லுதே. யாகோப்பர் சங்கத்து வட்ஸ்அப்பில் படத்தைப் போட்டு, கீழே 'கருத்துகளை வரவேற்கிறோம்' என்று றஜனியைக்கொண்டு அடிப்பித்தார்.

உடைந்த இறங்குதுறையைப் பற்றி எழுதச் சொன்னபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. லொறிக்காரனைப் பற்றி முறைப்பாடு கொடுக்கக் கூப்பிட்டபோது எல்லாருக்கும் காய்ச்சல். இப்போது பார்த்தால் போன் நிற்காமல் கத்துது.

முதல் ஆளாய்ச் சிமியோன் நேரே யாகோப்பரின் வாடிக் கொட்டிலுக்கு வந்தான்.

"அத்தான், படகிலை நிக்கிற ஆள் ஆர்?"

"ஆருமில்லையடா. பொதுவாய் ஒரு ஆள்."

"பொதுவாய் ஒரு ஆளுக்கு ஏன் உங்கடை வயிறு?"

யாகோப்பர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். தன் வயிற்றையும் குனிந்து பார்த்தார். மறுக்க ஏலவில்லை.

"மாமா, வலை இழுக்கிற ஆள் எண்டு எனக்குத் தெரிஞ்சது நீங்கள்தானே" என்றாள் றஜனி. "தலைவர் தன்ரை படத்தையே லோகோவாய்ப் போட்டிட்டார்" என்று பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கக் கதை. ஆளை எடுக்கச் சொன்னார் யாகோப்பர். ஆள் போனார்.

ஆள் போன பிறகு படகு தனியே கடலில் நின்றது. வெறும் படகு கடலில் நின்றால் அந்த ஊருக்கு அது வேறு கதை. ஒருவரும் அதைப்பற்றி எழுதவில்லை. இரண்டு மூன்று பொம்பிளைகள் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். படகும் போனது.

பிறகு மீன்.

"உது என்ன மீன் பிள்ளை?" என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"பொது மீன் ஐயா."

"பொது மீன் எண்டு கடல்லை ஒண்டும் இல்லையே."

"வாலைப் பாத்தால் பாரை" என்றது ஒரு குரல்.

"அப்ப நாங்கள் நண்டு வலைக்காரர் என்ன செய்யிறது? நண்டு மீனில்லை எண்டு சொல்லுறியளோ?"

"நண்டைப் போட்டால் கடலட்டைக்குச் சுழியோடுறவையையும் போடவேணும்."

றஜனி ஒரு அட்டையையும் கீறிப் பார்த்தாள். கூட்டம் கொஞ்ச நேரம் அதை உற்றுப் பார்த்தது. பொம்பிளைகள் முகத்தை அங்கால் திருப்பினார்கள். அட்டை போனது. அட்டையை எடுத்தால் நண்டையும் எடு, நண்டை எடுத்தால் பாரையையும் எடு என்றார்கள். நியாயம்தானே? மீனும் போனது.

"சரி, மீன் நிண்ட இடத்திலை ஒரு சிலுவை போடுவம்" என்றது அந்தோனியார் கோயில் பக்கம். சங்கத்தில் இருக்கிற நாலைந்து சைவ வீடுகளில் ஒன்று மார்க்கண்டுவின் வீடு. அவர் எழும்பி, "எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பக்கத்திலை ஒரு வேலும் போட்டுவிடுங்கோ" என்றார். இரண்டையும் போட்டுப் பார்த்தால் பொலிஸ் பிடித்த ஆயுதங்களை மேசையில் அடுக்கிப் படமெடுத்தது மாதிரிக் கிடந்தது. ஒருவருக்கும் மனத்தாங்கல் வராமல் இரண்டும் போயின.

இவ்வளவும் உள்ளூர்க் கருத்து. வெளியூர்க் கருத்து கனடாவில் இருந்து வந்தது. புளியந்துறை மக்கள் ஒன்றியத்தின் ரொறன்ரோக் கிளைச் செயலாளர் எமில்ராஜ் கார் ஓடிக்கொண்டே குரல் பதிவு அனுப்புவார். ஊரைவிட்டுப் போகும்போது அவருக்கு மீசை அரும்பவில்லை. இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. ஐஸ் அறைக்கு ஜெனரேற்றர் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிற மனிசன். ஆகையால் அவர் கருத்துக்குப் பாரம் கூட.

"யாகோப்பண்ணை, அலை உப்பிடி வராது. எங்கடை கடல் அலை உவ்வளவு உயரம் எழும்பாது. உது தெற்கிலை மாத்தறைப் பக்கத்து அலை. எனக்கு நல்லாய் ஞாபகம் இருக்கு. மற்றது, எங்கடை பிள்ளையளுக்கும் ஒரு பிணைப்பு வேணுமெல்லோ? அலைக்கு மேலை ஒரு சின்ன மேப்பிள் இலை போட்டுவிடுங்கோ. சின்னன் காணும்."

றஜனி போட்டாள். "இதென்ன, கறியிலை மிதக்கிற கருவேப்பிலை மாதிரி" என்றா சின்னத்தங்கம். இலையை எடுத்தால் எமில்ராஜ் கோபிப்பார், ஜெனரேற்றர் வராது. அலையை எடுத்தால்? இலை நிற்க இடமில்லை என்று மரியாதையாய்ச் சொல்லிவிடலாம். யாகோப்பர் இரவெல்லாம் கடலில் இதையே யோசித்துக்கொண்டு வந்து விடிய அலையை எடுப்பித்தார். தன் புத்தியை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமை.

"மாமா, செத்தவையின்ரை வேலை எவ்வளவு திறம் தெரியுமே?" என்றாள் றஜனி, கண்ணைக் கசக்கிக்கொண்டு. "ஒரு படம், ஒரு பூ, ரெண்டு குத்துவிளக்கு. முடிஞ்சுது. ஒரு செத்தவரும் எழும்பி வந்து மூக்கைக் கொஞ்சம் திருத்து எண்டு கேக்கிறேல்லை."

மிச்சமாய் இருந்தது சூரியனும், நிறமும், பெயரும். அது கந்தோரில் 'இலச்சினை மதிப்பீட்டு உப குழு'வுக்கு முன்னால் போனது. கனகசபாபதி தலைமை. கிருஷாந் பக்கத்தில், சப்பாத்தை உதறியபடி.

"இந்தச் சூரியன் உதிக்குதோ, படுகுதோ?" என்று கேட்டார் கனகசபாபதி.

"உதிக்குது சேர்" என்றார் யாகோப்பர்.

"தேர்தல் வருகுது. உதிக்கிற சூரியனை ஆராவது ஒரு கட்சி எண்டு சொல்லிப்போடுவினம்."

"அப்ப படுகுது சேர்."

"படுகிற சூரியன் அபிவிருத்திக்கு எதிர்மாறான கருத்து."

சூரியன் உதிக்கவும் ஏலாமல் படவும் ஏலாமல் போனது. நிறத்துக்கு வந்தார்கள். நீலம் ஒரு கட்சி. பச்சை இன்னொரு கட்சி. சிவப்பைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். மஞ்சளைப் பார்த்தால் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் எப்போதும் தோற்கிற மஞ்சள் இல்லத்து அணி ஞாபகம் வருகிறதாம் கனகசபாபதிக்கு. வெள்ளைதான் பாதுகாப்பு. ஓரத்துக்கு ஒரு மெல்லிய சாம்பல் கோடு, அதுவும் மிக மெல்லியதாய். பெயர்? மூன்று பாஷையில் எது முதல் என்று கேள்வி வந்தது. தேநீர் வந்து, தேநீர் ஆறி, பிறகும் முடிவு வரவில்லை. எழுத்தையும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது தாளில் மிஞ்சியது ஒரு வட்டம். உள்ளே ஒன்றுமில்லை.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஏதாவது ஒரு குறை சொல்லவேண்டும் என்று எல்லாரும் தேடினார்கள். வட்டத்தில் குறை பிடிக்க ஒரு மூலையாவது வேண்டுமே, அதுவும் இல்லை.

"அருமை" என்றார் கிருஷாந். "இப்ப உலகம் முழுக்க இந்த எளிமைதான். பாக்கிறவன் தானே நிரப்பிக்கொள்ளுவான்."

"அங்கத்தவர்களின் பரந்துபட்ட கருத்தொருமைப்பாட்டின் வெளிப்பாடு" என்று கனகசபாபதி கையெழுத்துப் போட்டார். அவர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டதைப் பார்த்துப் பியோன்கூட எழும்பி நின்றான்.

"அப்ப ஐஸ் அறை சேர்?"

"வரும் தலைவர். ஒரு சின்ன விசயம்தான். லோகோ பாவனையிலை இருக்கெண்டு நாங்கள் ஒருக்கால் வந்து பாக்கவேணும்."

அந்தச் சின்ன விசயம் சுற்றுநிருபமாய் வந்தது. 'சங்கத்தினதும் அங்கத்தவர்களினதும் சகல தொழில் உபகரணங்களிலும் மேற்படி இலச்சினை மாத்திரமே காணப்படுதல் வேண்டும்.'

இந்த 'மாத்திரமே' என்ற சொல்லுக்குள்தான் வினை இருந்தது. புளியந்துறையில் பின்னேரம் வலை விட்டு விடியப் போய் இழுக்கிறது வழக்கம். வலையின் இரண்டு தலைப்பிலும் ஒரு வெள்ளை உருண்டை மிதப்புக் கட்டியிருக்கும். மிதப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம். யாகோப்பர் வீட்டுக்கு இரண்டு சிவப்புக் கோடு. சிமியோன் வீட்டுக்கு மூன்று. மார்க்கண்டு வீட்டுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. பாட்டன் பூட்டன் போட்டது. கரையில் என்ன சண்டை பிடித்தாலும் கடலில் மற்றவன் அடையாளம் கட்டிய வலையில் ஒருத்தனும் கைவைக்க மாட்டான். பூசை காணாதவனும் இதை மட்டும் மீற மாட்டான்.

"இதையும் அழிக்கிறதோ?" என்று சனம் கேட்டது.

யாகோப்பருக்கும் அதை அழிக்க மனமில்லை. ஆனால் மார்கழி, வருட முடிவு, கிட்ட வந்துவிட்டது. கருவாடு கண்ணுக்குள் நிற்குது. "ஐஸ் அறை வேணுமோ, கோடு வேணுமோ?" என்று கேட்டார். முதல் ஆளாய்த் தன் மிதப்பை எடுத்து பாட்டனின் இரண்டு கோட்டுக்கும் மேலால் வெள்ளைப் பெயின்ற் அடித்தார். உருண்டைக்கு மேல் வட்டம் கீறவும் தேவைப்படவில்லை. வெள்ளை உருண்டையே வட்டம்தானே. தலைவர் அடித்தால் ஊரும் அடிக்கும். அடித்தது.

கந்தோரில் இருந்து வந்து பார்த்தார்கள். கரை முழுக்க வெள்ளை உருண்டை. "பூரண அமுலாக்கம்" என்று சொல்லி, மீன்பொரியலோடு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் விடிய யாகோப்பர் கடலுக்குப் போனார். வலை இருந்தது. இழுத்தார். இழுக்க இழுக்கப் பாரை. கொழுத்த கொழுத்த பாரை. அந்தோனியாரே, கடைசியில் கண் திறந்தீரே என்று கும்பிட்டுக்கொண்டு கரைக்கு வந்தார். சின்னத்தங்கம் மீன் அள்ளக் கடகத்தோடு நின்றா. கொஞ்ச நேரத்தில் சிமியோன் வெறும் படகோடு வந்து இறங்கினான்.

"என்ரை வலையைக் காணேல்லை அத்தான்."

"நீரோட்டத்துக்கு இழுபட்டிருக்கும். வடிவாய்த் தேடினனியே?"

"தேடினன். எல்லாம் ஒரே முகமாய்க் கிடக்கு." அவன் பார்வை யாகோப்பரின் படகுக்குள் போனது. "அத்தான்... உது என்ரை வலை."

"என்ன கதை கதைக்கிறாய்? மிதப்பிலை லோகோ இருக்கு பார்."

"என்ரையிலையும் அதுதான் இருக்கு!"

"அப்ப உன்ரையெண்டு எப்பிடிச் சொல்லுவாய்?"

"என்ரை கையாலை கிழிசல் பொத்தின வலை எனக்குத் தெரியாதோ? அந்தப் பச்சை நூல் ஆரின்ரை?"

பச்சை நூல் யாகோப்பருக்கும் தெரிந்தது. ஆனால் அவ்வளவு பாரையையும் பார்த்தபிறகு ஒரு மனிசனுக்கு உடனே கண் தெரிந்துவிடுமா? "பச்சை நூல் ஊர் முழுக்க விக்குது" என்றார். சிமியோன் சங்கத்தைத் தூக்கிக் கடலில் போடு என்றான். அங்கால் பார்த்தால் நண்டு வலைக்காரரின் வலையில் மார்க்கண்டு, மார்க்கண்டுவின் வலையில் வேறு யாரோ. கரை முழுக்க ஒரே சத்தம். எல்லார் கையிலும் வெள்ளை உருண்டை.

சத்தம் அடங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. லொறியும் வந்துவிட்டது. லொறிக்காரன் பாரையின் கண்ணைப் பார்த்தான், வயிற்றை அமத்தினான், பெருமூச்சு விட்டான்.

"ஆரின்ரை மீன்?" என்று கேட்டான்.

யாகோப்பர் சிமியோனைப் பார்த்தார், சிமியோன் கையிலிருந்த வெள்ளை உருண்டையைப் பார்த்தான்.

பாதி விலைக்கு மீன் விற்ற காசைச் சின்னத்தங்கம் தன் தம்பியின் கையில் வைத்தா. புருசனைத் திரும்பியும் பார்க்கவில்லை. மிஞ்சிய பாரைக்கு உப்புப் போடத் தொடங்கினா.

அடுத்த நாள் யாகோப்பரும் சிமியோனும் முகம் கொடுத்துக் கதைக்காமல் ஒரே மோட்டார் சைக்கிளில் கந்தோருக்குப் போனார்கள். சிமியோன் வீட்டுப் பின்பக்கக் கோடியில் பெயின்ற் படாமல் கிடந்த பழைய மிதப்பு ஒன்றைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார்கள். மூன்று சிவப்புக் கோடு பளிச்சென்று இருந்தது.

கனகசபாபதி அதைத் தூக்கிப் பார்த்தார். தூர வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஆர் வடிவமைச்சது? தூரத்திலை இருந்தே தெரியுது. இதையெல்லோ முதலிலை கொண்டுவந்திருக்க வேணும்!"

"என்ரை பூட்டன் சேர்" என்றான் சிமியோன்.

"நல்லது, நல்லது. ஒரு சின்னக் கருத்து. மூண்டு கோடு கொஞ்சம் கூடிப்போச்சு. ஒண்டைக் குறைச்சால் எப்பிடி?"

"குறைச்சால் அது அத்தான்ரை வலை சேர்."

"அப்ப ஒண்டைக் கூட்டுங்கோ."

"கூட்டினால் சித்தப்பாவின்ரை."

கனகசபாபதி யோசித்தார். "சரி, பிரச்சினை விளங்குது. வட்டத்துக்குள்ளை ஒவ்வொரு அங்கத்தவரும் ஒரு உப இலச்சினை வைச்சுக்கொள்ளலாம். அதுக்கு ஏற்பாடு இருக்கு. ஒவ்வொரு உப இலச்சினைக்கும் அங்கத்தவர்களிட்டைக் கருத்துக் கேட்டு, உப குழுவுக்கு அனுப்புங்கோ."

வெளியே வந்து இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். சிமியோன்தான் முதலில் சிரித்தான். யாகோப்பருக்கும் அடக்க முடியவில்லை. அத்தானும் மச்சானும் கந்தோர் மதிலைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்கள். அவர்கள் திரும்பிப் போனதும் ஊரில் எல்லாரும் தங்கள் பழைய கோட்டையும் பொட்டையும் சத்தம் போடாமல் திரும்பப் போட்டார்கள். அதற்கு ஒருவரிடமும் கருத்துக் கேட்கவில்லை.

ஆனால் மார்கழி முடிகிறதே. கந்தோருக்கும் அதே அவதி அந்தரம். செயலமர்வு, ஆலோசகர், உப குழுவின் தேநீர், பயணப்படி என்று கொஞ்சம் போக, மிச்சம் திரும்பிப் போகக் கூடாது. வருட முடிவுக்குள் ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரிய நிற்கவேண்டும். கனகசபாபதி மூளையைப் போட்டுக் கசக்கினார். எது லோகோவைத் தாங்கும்? கதவு. ஆகவே முதற்கட்டம் கதவு.

வருடத்தின் கடைசி நாள் ஒரு உழவு இயந்திரத்தில் கதவு வந்தது. பொய் சொல்லக் கூடாது, நல்ல கதவு. தடித்த இரும்பு, உள்ளே குளிர் போகாத பஞ்சு, பளபளவென்று கைபிடி. நடுவில் வட்டம். சங்கக் காணியில் இரண்டு தூண் நாட்டி அதை நிமிர்த்தினார்கள். முன்னாலும் வெளி, பின்னாலும் வெளி. ஒரு ஆடு அந்தப் பக்கத்தால் வந்து இந்தப் பக்கத்தால் போனது. நாடா கட்டினார்கள். கனகசபாபதி வெட்டினார். கிருஷாந் கைதட்டினார். எமில்ராஜ் வீடியோவில் ரொறன்ரோவில் இருந்து கைதட்டினார்.

சின்னத்தங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மடியில் இருந்து ஒரு பூட்டை எடுத்துக் கைபிடியில் கொழுவிப் பூட்டினா. திறப்பைப் புருசன் கையில் கொடுத்தா.

"இந்தாங்கோ தலைவர். இனி ஐஸ் களவு போகாது."

சனம் சிரிக்கவும் பயந்து நின்றது. கனகசபாபதி தொண்டையைச் செருமினார். "சுவர் அடுத்த வருசம். கதவைப் பற்றித் தலைவர் ஒரு கருத்துச் சொல்லுவார்."

யாகோப்பர் முன்னுக்கு வந்தார். சொல்லவேண்டியது எல்லாம் நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்தார். ஐஸ் எங்கே என்று கேட்கவேண்டும். ஒரு வருசமாய் அழித்து அழித்து எங்களிடம் என்ன மிஞ்சியது என்று கேட்கவேண்டும். சீலாவைக் கேட்கவேண்டும், பாரையைக் கேட்கவேண்டும். திறப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் கதவை நிமிர்ந்து பார்த்தார். தலையைக் கொஞ்சம் சரித்தார். ஒரு கண்ணை மூடினார்.

"சேர்... வட்டம் ஒரு சொட்டுக் கீழை இறங்கிப்போச்சுப் போலை கிடக்கு."

"இல்லை அத்தான், சின்னனாய்ப் போச்சு" என்றான் சிமியோன்.

"கோடு இன்னும் கொஞ்சம் தடிப்பாய் இருக்கலாம்" என்றார் மார்க்கண்டு. ரொறன்ரோவில் இருந்தும் ஏதோ கேட்டது. பிறகென்ன, ஆளாளுக்குக் கதவுக்குக் கிட்டப் போயும், தள்ளி நின்றும், சரிந்தும், குனிந்தும் பார்த்தார்கள். கனகசபாபதி குறித்துக்கொண்டார். கரையில் மீன் கிடந்தது. வெயில் ஏறியது. லொறி வந்து நின்றதையும் ஒருவரும் காணவில்லை. லொறிக்காரன் மீனின் கண்ணைப் பார்த்து, வயிற்றை அமத்தி, பெருமூச்சு விட்டு, விலை சொல்ல ஆளைத் தேடிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தான். அவனும் கதவைப் பார்த்தான்.

"வெறும் வட்டமோ? நல்லாயில்லையே. உள்ளுக்கை ஒரு மீன் கீறியிருக்கலாம்."

புளியந்துறை முழுக்க லொறிக்காரனைத் திரும்பிப் பார்த்தது. எவ்வளவு நல்ல யோசனை. இது ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

யாகோப்பர்தான் முதலில் வாய் திறந்தார்.

"என்ன மீன்?"